மடத்துக் கச்சேரி ரெக்கார்டிங்கில் மிருதங்கமே இல்லை: மிக்சர் கனெக்‌ஷன் பற்றி உதவி வேண்டும்

தம்புரா_பெட்டி எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர் பஜனை மடத்தில் மாதம் ஒரு கச்சேரி நடக்கும். தாத்தாதான் நடத்துகிறார், சவுண்ட் என் பொறுப்பு. கூடம் சின்னது, நெருக்கி உட்கார்ந்தால் 80 பேர். மேலே ஓடு, தரை சிமெண்ட், பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.

மிக்சர் யமஹா எம்ஜி12எக்ஸ்யூ. சேனல் 1-ல் பாட்டு, 2-ல் வயலின், 3-ல் மிருதங்கம் வலந்தலை (வலது பக்கம்), 4-ல் தொப்பி (இடது பக்கம்). கடம் வந்தால் 5/6. எலக்ட்ரானிக் தம்புரா 9/10-ல். ஆக்ஸ் 1-ல் (சத்தத்தைத் தனி அளவில் வேறு இடத்துக்கு அனுப்பும் வழி) இருந்து மேடை மானிட்டருக்கு, அதாவது பாடுகிறவர் கேட்கும் ஸ்பீக்கருக்குப் போகிறது. ரிவெர்ப் (குரலை முழங்க வைக்கும் எஃபெக்ட்) மிக்சருக்குள்ளேயே இருப்பதுதான், ஆக்ஸ் 2 திருகைத் திருப்பினால் வரும். யூ.எஸ்.பி. கேபிள் போட்டு லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்து யூடியூபில் ஏற்றுகிறேன்.

கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்கிறது, யாரும் குறை சொன்னதில்லை. ரெக்கார்டிங்கில்தான் பிரச்சினை. பாட்டும் வயலினும் காதுக்குள் வந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, மிருதங்கம் மட்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்கிறது. தனி ஆவர்த்தனம் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. மிருதங்க ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) ஏற்றினால் கூடத்தில் காது அடைக்கிறது, முன் வரிசைப் பெரியவர்கள் உடனே திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் அந்த இரண்டு ஃபேடரும் எப்போதும் அடியில்தான் கிடக்கும்.

இன்னொன்று, பாட்டுக்கு வைக்கும் ரிவெர்ப். கூடத்தில் இருப்பதே தெரியாது, ரெக்கார்டிங்கில் அளவுக்கு மீறிக் கேட்கிறது. அப்புறம், நான் பாட்டு ஃபேடரைத் தொட்டாலே பாடுகிறவர் மானிட்டர் மாறுகிறது என்கிறார். எல்லாவற்றுக்கும் புது மிக்சர்தான் வாங்க வேண்டுமா? தாத்தாவிடம் கேட்கும் முன் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

---

ஃபேடர்_மேல_கை எழுதியது:

தம்பி, புது மிக்சர் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய வழி அந்த மிக்சரிலேயே இருக்கிறது. நான் மதுரையில் 20 வருஷத்துக்கு மேலாக மைக்செட் தொழிலில் இருக்கிறேன். கச்சேரி, பட்டிமன்றம், மெல்லிசை எல்லாவற்றுக்கும் போவேன். கச்சேரி என்றால் மட்டும் கூலியைப் பார்க்க மாட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 80 பேர் உட்காரும் ஓட்டுக் கூடத்தில் மிருதங்கத்துக்கு மைக்கே தேவையில்லை, தானாகவே கடைசி வரிசைக்குப் போகும். ஸ்பீக்கர் வேண்டியது பாட்டுக்கும் வயலினுக்கும்தான். கூடத்தில் இருப்பவர் கேட்பது ஸ்பீக்கர் சத்தத்தையும் மேடையின் நேரடிச் சத்தத்தையும் சேர்த்து. யூ.எஸ்.பி.யில் போவது ஸ்டீரியோ பஸ் (சேனல்கள் கலந்து வெளியே போகும் வழி), அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு மட்டும். மேடையில் இருந்து நேராகக் காதுக்கு வரும் மிருதங்கம் அதில் கிடையாது. இப்போது உங்கள் ரெக்கார்டிங்கில் கேட்கும் மிருதங்கம் பெரும்பாலும் மிருதங்க மைக்கில் இருந்து வந்ததே இல்லை. பாட்டு மைக்கிலும் வயலின் மைக்கிலும் ஒழுகி வந்தது. பக்கத்து வீட்டுச் சத்தம் போல இருப்பதன் காரணம் அதுதான்.

கூடத்தில் கேட்பவர் வேறு, வீட்டில் இயர்போனில் கேட்பவர் வேறு. ஒரே மிக்ஸ் இரண்டு பேருக்கும் சரியாக வராது. ரெக்கார்டிங்குக்கு என்று தனி வழி கொடுங்கள். உங்கள் மிக்சரில் அந்த வழிதான் குரூப் 1-2, ஸ்டீரியோவைப் போலவே இன்னொரு கலவை. ஒவ்வொரு சேனல் ஃபேடர் பக்கத்திலும் 1-2 என்று ஒரு பட்டன், எஸ்டி என்று ஒரு பட்டன் இருக்கும். எஸ்டி அழுத்தினால் அந்தச் சேனல் ஸ்டீரியோவுக்கு, அதாவது கூடத்துக்குப் போகும். 1-2 அழுத்தினால் குரூப்புக்குப் போகும். இரண்டையும் அழுத்தினால் இரண்டுக்கும் போகும்.

பாட்டு, வயலின், தம்புரா மூன்றுக்கும் இரண்டு பட்டனையும் அழுத்துங்கள். மிருதங்கம் 3, 4, கடம் 5/6 இவற்றுக்கு 1-2 மட்டும், எஸ்டி வேண்டாம். இப்போது மிருதங்க ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் கூடத்தில் ஒரு சொட்டுச் சத்தம் கூடாது. முன் வரிசைக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள், நீங்கள் ரெக்கார்டிங்குக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம். குரூப் ஃபேடர் பக்கத்திலும் ஒரு எஸ்டி பட்டன் இருக்கும், அது அணைந்தே இருக்க வேண்டும். அதை அழுத்தினால் குரூப்பில் இருப்பதெல்லாம் திரும்பவும் கூடத்துக்குப் போய்விடும்.

இனி ரெக்கார்டிங்கை யூ.எஸ்.பி.யில் எடுக்க முடியாது, பின்னால் இருக்கும் குரூப் அவுட் 1, 2 இரண்டு ஜாக்கில் இருந்துதான் எடுக்க வேண்டும். கையடக்க ரெக்கார்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். சூம் ஹெச்5 என்ற கையடக்க ரெக்கார்டர் போல ஒன்று என்றால் ரொம்ப நல்லது, காரணம் பின்னால் சொல்கிறேன். இல்லை, லேப்டாப்புக்கு இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தாலும் சரி. லேப்டாப்பில் இயர்போன் குத்தும் ஓட்டையில் மட்டும் செருக வேண்டாம். அதில் மைக் இன்புட் மைக் அளவுச் சிக்னலுக்குச் செய்தது, அதுவும் பெரும்பாலும் மோனோ. மிக்சரில் இருந்து வரும் லைன் லெவலை அது தாங்காது, கரகரவென்று உடையும்.

ரிவெர்ப் விஷயம். எங்கள் தொழிலில் இன்னும் எல்லாரும் எக்கோ என்றுதான் சொல்வோம். கூடத்தில் ஃபேன் சத்தம், ஆட்கள், கூடத்தின் சொந்த முழக்கம், பாடகரின் நேரடிக் குரல் எல்லாம் சேர்ந்து நீங்கள் வைக்கும் எக்கோவை மூடிவிடும். தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள். இயர்போனில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை, அத்தனையும் வெளியே வந்துவிடும். உங்கள் மிக்சரில் எஃபெக்ட் திரும்பி வரும் இடத்துக்கு, எஃப்எக்ஸ் ரிட்டர்ன், தனி ஃபேடர் உண்டு. அதற்கும் எஸ்டி, 1-2 பட்டன் உண்டு. எஸ்டி மட்டும் அழுத்துங்கள். எக்கோ கூடத்தோடு நிற்கும், ரெக்கார்டிங் சுத்தமாகப் போகும். பிறகு வீட்டில் நிதானமாக, நல்ல ரிவெர்ப்பாக, வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பது எளிது, ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

மானிட்டருக்கு வருவோம். பாடகர் சொன்னது சரி. ஆக்ஸ் 1 திருகோடு பிரீ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தாமல் விட்டிருக்கிறீர்கள், அதனால் ஆக்ஸ் ஃபேடருக்குப் பின்னால் இருந்து எடுக்கிறது. ஃபேடர் ஏறினால் மானிட்டரும் ஏறும், இறங்கினால் இறங்கும். எல்லாச் சேனலிலும் பிரீயை அழுத்திவிடுங்கள். அப்புறம் நீங்கள் ஃபேடரை என்ன செய்தாலும் மேடையில் மாறாது. மானிட்டர் எப்போதும் பிரீ (ஃபேடருக்கு முன்), எஃபெக்ட் எப்போதும் போஸ்ட் (ஃபேடருக்குப் பின்). எஃபெக்ட்டை பிரீயில் எடுத்தால் பாட்டு ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் எக்கோ மட்டும் ஆவி போல் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் மிக்சரில் ஆக்ஸ் 2 போஸ்ட்தான், அது சரியாகவே இருக்கிறது.

எஃப்எக்ஸ் ரிட்டர்னில் ஒரு ஆக்ஸ் 1 திருகு இருக்கிறதே, அதைத் திறந்தால் மானிட்டரிலும் எக்கோ போகும். பாடகர் கேட்டால் துளி கொடுங்கள், கேட்காமல் கொடுக்காதீர்கள். மானிட்டரில் எக்கோ கூடினால் சுருதி தெளிவாகக் கேட்காது, விசில் அடிக்கவும் சீக்கிரம் வரும். தம்புராவை மானிட்டரில் நன்றாகக் கொடுங்கள், அதைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

---

தொப்பி_வலந்தலை எழுதியது:

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் மிருதங்கம் வாசிக்கிறவன், எங்கள் பக்கத்தில் இருந்து சிலது சொல்கிறேன்.

ஃபேடர் ஏறப்போகிறது என்றால் மைக் எங்கே இருக்கிறது என்பது இப்போதுதான் முக்கியம் ஆகிறது. இதுவரை அடியில் கிடந்ததால் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். வலந்தலை மைக்கை ஒரு சாண் தள்ளி, சாதத்துக்கு (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் டிங்கென்ற மீட்டு மட்டும் குத்தும், சாப்பு என்ற அடி வராது. தொப்பிப் பக்கம் மைக்கை ரொம்ப ஒட்டினால் கும் மட்டும் வீங்கும், அதையும் ஒரு சாண் தள்ளுங்கள். வாசிக்கிறவர் கை வீச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஸ்டாண்டை வெளிப்பக்கம் இருந்து கொண்டுவாருங்கள், கச்சேரி நடுவில் தட்டிவிடாது.

மிக்சரில் 80 ஹெர்ட்ஸ் கட் பட்டன் இருக்கும், அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தத்தைக் குறைக்கும். பாட்டுக்கும் வயலினுக்கும் அதை அழுத்துங்கள், மேடை அதிர்வும் கால் சத்தமும் போகும். தொப்பிச் சேனலில் மட்டும் அழுத்த வேண்டாம், இடது கையின் கார்வையே போய்விடும். 1 முதல் 4 வரை கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) திருகு இருக்கிறது, மிருதங்கத்துக்கு அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். மெதுவாக வாசிக்கும் இடமும் ஓங்கி வாசிக்கும் இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த வாசிப்பில் என்ன இருக்கிறது?

ரிவெர்ப் மிருதங்கத்துக்கு வேண்டவே வேண்டாம். ஃபரன்ஸ் என்ற வேகமான சொற்கோவை ஓடும்போது ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி எல்லாம் கஞ்சியாகும். வீட்டில் சேர்க்கும்போதும் பாட்டுக்குக் கொடுப்பதில் கால்வாசி கூட மிருதங்கத்துக்குப் போக வேண்டாம்.

லெவல் வைக்கும்போது வாசிப்பவரைத் தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கிற பலத்தில் நாலு ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்லுங்கள். கீர்த்தனைக்கு வாசிக்கிற அளவில் கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கும் திருகு) வைத்தால் தனியில், அதுவும் கோர்வையில், சிவப்பு விளக்கு எரியும். சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம், நன்றாக ரெக்கார்ட் ஆனால் எங்களுக்கும் சந்தோஷம்தானே.

---

தம்புரா_பெட்டி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். மிக்சரை எடுத்து வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எல்லாப் பட்டனும் இருக்கிறது. பாட்டில் பிரீ அழுத்தியதும் ஃபேடரை ஏற்றி இறக்கினேன், மானிட்டர் அசையவே இல்லை.

மாமாவிடம் ஹெச்5 இருக்கிறது, தருகிறேன் என்றார். மூன்று சந்தேகம். குரூப் அவுட்டில் இருந்து ரெக்கார்டருக்கு என்ன கேபிள்? ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிள் வீட்டில் இருக்கிறது, அது போதுமா? லெவல் எவ்வளவு? அப்புறம், லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டால் ஸ்பீக்கரில் ஒரு ங்ங்ங் சத்தம் வருகிறது, அது எதனால்?

---

குமரிக்கடல் எழுதியது:

கேபிள் விஷயத்தில் நான் குறுக்கே வருகிறேன், ஏனென்றால் இது பலரை அலைக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கம் ஒரு சர்ச்சில் மிக்சரின் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் இணைப்பு) அவுட்டில் இருந்து கேமராவின் சின்ன ஜாக்குக்கு ரெடிமேட் கேபிள் ஒன்று போட்டிருந்தார்கள். ஹெட்போனில் கேட்டால் பிரசங்கம் கேட்கும், ஏதோ தலைக்குள் சுற்றுகிற மாதிரி ஒரு விநோதம் மட்டும் இருக்கும். அதையே செல்போன் ஸ்பீக்கரில் போட்டால் போதகர் குரலே இருக்காது! வாய் மட்டும் அசையும்.

காரணம் இதுதான். எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு, ஒரே சத்தத்தை இரண்டு கம்பியில் நேராகவும் தலைகீழாகவும் அனுப்புகிறது. கேமராவின் சின்ன ஜாக்கோ ஸ்டீரியோ, ஒரு கம்பியை இடது என்றும் இன்னொன்றை வலது என்றும் எடுத்துக்கொள்கிறது. இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழ். மோனோ ஸ்பீக்கரில் இரண்டையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். யூடியூப் பார்ப்பவர்களில் எத்தனையோ பேர் செல்போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் கேபிளின் மறுமுனை எக்ஸ்எல்ஆராகவோ இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஒற்றைப் பெரிய ஜாக்காகவோ இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சில மிக்சரில் தலைகீழ் ஆகாமல் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரும், அதுவும் உதவாது.

யாராக இருந்தாலும் ரெக்கார்டிங்கை ஒரு தடவை செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.

---

ஃபேடர்_மேல_கை எழுதியது:

குமரிக்கடல் சரியான நேரத்தில் சொன்னார். தம்பி, கிட்டாருக்குப் போடுவது போன்ற பெரிய ஜாக் கேபிள், இரு முனையும் கால் அங்குலம், இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். குரூப் 1-ல் இருந்து ஹெச்5-ன் இன்புட் 1-க்கு, 2-ல் இருந்து 2-க்கு. ஹெச்5-ன் அடியில் இருக்கும் அந்த இரண்டு துளையில் எக்ஸ்எல்ஆரும் போகும், பெரிய ஜாக்கும் போகும். இன்புட் அளவு ரொம்ப உயர்ந்தால் அதிலேயே −20 டெசிபல் குறைக்க ஒரு ஸ்விட்ச் உண்டு, போட்டுக்கொள்ளுங்கள்.

லெவலுக்கு, முதலில் மிக்சரில் ஒவ்வொரு சேனலாகப் பிஎஃப்எல் (அந்தச் சேனலை மட்டும் ஃபேடருக்கு முன் மீட்டரில் காட்டும் பட்டன்) அழுத்தி, பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது மீட்டர் 0 பக்கத்தில் நிற்கும்படி கெயின் வையுங்கள். குரூப் ஃபேடர் 0 கோட்டில். ரெக்கார்டரில் உச்சம் −12 பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் எடுங்கள், சத்தம் குறைவாக இருந்தால் வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், உடைந்த சத்தத்தை யாராலும் ஒட்ட முடியாது.

பேலன்ஸ் பார்க்க ரெக்கார்டரின் ஹெட்போன் ஜாக்கில் காதை மூடும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஆனால் கூடத்துக்குள் உட்கார்ந்து கேட்பதால் தொப்பிச் சத்தம் ஹெட்போனைத் தாண்டி நேராகவும் வரும், ரெக்கார்டிங்கில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதாகத் தோன்றும். வர்ணத்தில் ஒரு துண்டை எடுத்து, அடுத்த உருப்படிக்கு முன் வாசல் பக்கம் போய் ஓட்டிப் பாருங்கள். மிருதங்கம் குறைகிறதா கூடுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

பேன், அதாவது சத்தத்தை இடது வலது தள்ளும் திருகு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரூப் 1 இடது, 2 வலது. பாட்டு நடுவில். வயலினை ஒரு துளி ஒரு பக்கம் தள்ளலாம், நிறைய வேண்டாம், அது கூடத்து ஸ்பீக்கரிலும் அப்படியே தள்ளும். மிருதங்கம் எஸ்டியில் இல்லாததால் அங்கே உங்கள் இஷ்டம். ஆனால் வலந்தலையை ஒரு காதிலும் தொப்பியை இன்னொரு காதிலும் முழுக்கப் பிரிக்காதீர்கள். ஆறடி அகல மிருதங்கம் யாரிடமும் இல்லை, இரண்டையும் நடுவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஹெச்5 என்றால் ரொம்ப நல்லது என்று சொன்னேன் இல்லையா. அதன் தலையில் இருக்கும் இரண்டு மைக்கும் கீழே இருக்கும் இரண்டு இன்புட்டும் ஒரே நேரத்தில், தனித்தனி டிராக்காக ரெக்கார்ட் ஆகும். கீழே குரூப் அவுட், மேலே கூடம். கைத்தட்டல், சபாஷ், தாளம் போடும் சத்தம் எல்லாம் மேலே கிடைக்கும். கச்சேரி ரெக்கார்டிங்கில் அது இல்லை என்றால் ஆள் இல்லாத அறையில் பாடியது போல வறண்டு இருக்கும். எங்கள் ஆட்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

மேடையில் இருந்து நீங்கள் 10 மீட்டர் தள்ளி இருந்தால் கூடத்துச் சத்தம் சுமார் 30 மில்லி செகண்ட் பின்தங்கி வரும், அப்படியே கலந்தால் மிருதங்கச் சொல் ஒவ்வொன்றும் இரண்டாகக் கேட்கலாம். ஆடசிட்டி, ரீப்பர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் கூடத்து டிராக்கை அவ்வளவு முன்னே தள்ளுங்கள். ஒரு பலமான சாப்பைப் பார்த்து இரண்டு அலையையும் நேர் வைத்தால் போதும். பிறகு கூடத்து டிராக்கை மெல்ல ஏற்றுங்கள், இருப்பது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் ஓட்டுக் கூடத்தின் சொந்த முழக்கம் அதில் இருக்கும், தனியாக ரிவெர்ப் தேவையே படாமல் போகலாம்.

அந்த ங்ங்ங் சத்தம் எர்த் சுற்று. லேப்டாப் ஒரு பிளக்கில், மிக்சர் வேறு பிளக்கில், இரண்டுக்கும் நடுவில் யூ.எஸ்.பி. கேபிள். எர்த் இரண்டு வழியாக இணைந்து நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே வந்துவிடுகிறது. மிக்சர், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே போர்டில் இருந்து எடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கச்சேரி நேரத்தில் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நிற்கிறது என்று பிளக்கின் மூன்றாவது பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். மைக்கில் கை வைத்துப் பாடுகிறவர் உயிர் அது. ஹெச்5-க்கும் பேட்டரி போட்டுவிட்டால் அந்தப் பக்கம் ஹம் பிரச்சினையே வராது. பழைய யூ.எஸ்.பி. ரெக்கார்டிங்கையும் கூடவே ஓட விடுங்கள். மிருதங்கம் அதில் ஒழுகி வந்தது மட்டும்தான் இருக்கும், ஆனால் இது ஏதாவது நின்று போனால் பாட்டாவது கையில் இருக்கும்.

---

தம்புரா_பெட்டி எழுதியது:

புரிந்தது அண்ணா. கேபிள் இரண்டும் இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். கடம் வரும் மாதத்தில் கடத்தின் வயிற்றுச் சத்தத்துக்கு மைக் எந்த உயரத்தில் வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா?

---

தொப்பி_வலந்தலை எழுதியது:

தரையில் இருந்து குட்டை ஸ்டாண்டில், வித்வான் மடியில் கடம் இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் தள்ளி. கடத்தின் வாய்க்கு நேராக வைத்தால் பலர் அந்த வாயைச் சட்டை பக்கம் திருப்பி வாசிக்கும்போது சத்தம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பக்கவாட்டில் வையுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள், ஒவ்வொருவர் கடத்தைப் பிடிக்கிற விதம் வேறு.